அழிக்கும் முன் ஆதாரம் எடுங்கள்

கேள்வி: யூடியூபில் சமையல் சேனல் நடத்துகிறேன். நாலைந்து மாதமாக யாரோ ஒருவன் விதவிதமான ஐடிகளில் வந்து, என் உடம்பைப் பற்றி அசிங்கமாக கமென்ட் போடுகிறான். பதிலுக்குத் திட்டிப் பார்த்தேன், இன்னும் அதிகமானதுதான் மிச்சம். போன வாரம், 'உன் வீடு எந்தத் தெருன்னு தெரியும், வந்து பார்த்துக்கிறேன்' என்று எழுதியிருக்கிறான். "மானம் போகுது, சேனலை மூடிடு" என்கிறார் கணவர். என்ன செய்யட்டும்?
- வாசகி, மதுரை

பதில்: மூடாதீர்கள் தோழி. மானம் போகவேண்டியது அதை எழுதியவனுக்கு.

'ரசத்தில் புளி தூக்கல், உங்க குரல் சகிக்கலை' என்கிறவர்களை விட்டுத்தள்ளலாம். இவன் அந்த ரகம் இல்லை. தெருவைச் சொன்ன அன்றே விஷயம் போலீஸுக்குப் போகவேண்டியதாகிவிட்டது.

கோபத்தில் கமென்ட்டுகளை அழித்துவிடாதீர்கள். பலர் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். கமென்ட், தேதி, எந்த வீடியோ என்பதெல்லாம் தெரிய ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். பெயரை அவன் நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம் என்பதால், பெயரைத் தொட்டு அவன் பக்கத்துக்குள் போய் அந்த லிங்க்கையும் எடுத்து வையுங்கள். கமென்ட்டில் இருந்து அவன் பக்கம் வரை போவதை ஸ்க்ரீன் ரெக்கார்டிங்காக எடுத்தால் இன்னும் நல்லது.

அதன்பிறகு அவனை யூடியூபில் புகார் செய்துவிட்டு, சேனலிலிருந்து மறைத்துவிடுங்கள். இனி அந்த ஐடியில் அவன் எழுதுவது வேறு யார் கண்ணிலும் படாது. மறைக்கப்பட்டது அவனுக்குத் தெரிவிக்கப்படவும் மாட்டாது. உங்கள் பதிலுக்காகவே எழுதுகிறவனுக்கு இதைவிடத் தண்டனை இல்லை. யூடியூப் செட்டிங்ஸில் இருக்கும் தடைசெய்யும் சொற்களின் பட்டியலில் கெட்ட வார்த்தைகளைத் தமிழில் மட்டுமல்லாமல் தங்கிலீஷிலும் சேர்க்க வேண்டும், நடுவில் புள்ளி வைத்து எழுதும் வித்தை உட்பட. உட்கார்ந்து டைப் செய்யக் கூசும்தான். ஒருநாள் வேலை, முடித்துவிடுங்கள். உங்கள் ரசிகைகள் அவனோடு சண்டைக்குப் போனால் தடுத்துவிடுங்கள். அவனுக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

புகாரை தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில், பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்கள் பிரிவில் கொடுங்கள். பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம், ஆனால் புகார் என்ன ஆனது என்று பிறகு பார்க்க முடியாது. பெயரோடு கொடுப்பதே உங்களுக்கு நல்லது. பலரும் சொல்லும் 1930 பெரும்பாலும் பண மோசடிக்கான எண். மிரட்டல் இருப்பதால், ஆன்லைன் புகாரோடு நிற்காமல் சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் நேரில் போய்விடுங்கள்.

'ஃபேக் ஐடிதானே, என்ன செய்ய முடியும்' என்று யாராவது அலட்சியம் காட்டினால் பின்வாங்காதீர்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 79-வது பிரிவு பெண்ணின் கண்ணியத்தை இழிவுபடுத்தும் சொல்லுக்கு 3 ஆண்டு வரை சிறை என்கிறது. 351-வது பிரிவில், யாரென்று தெரியாதபடி ஒளிந்துகொண்டு மிரட்டினால் அதற்கே கூடுதலாக 2 ஆண்டு வரை உண்டு.

எழுதுவது தெரிந்தவனாகவும் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் போலீஸிடம் மட்டும் சொல்லுங்கள், உறவினர் வாட்ஸ்அப் குரூப்பில் வேண்டவே வேண்டாம். பழைய வீடியோக்களில் வீட்டு வாசல், வண்டி நம்பர், பிள்ளைகளின் ஸ்கூல் யூனிஃபார்ம் தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்தால் அந்த வீடியோக்களைப் பிரைவேட்டில் போடுங்கள். அந்த வேலையைக் கணவரிடம் கொடுங்கள். ஸ்டேஷனுக்கும் அவரைக் கூட அழைத்துப் போங்கள்.