வெடிச் சத்தமும் வாயில்லாச் சீவன்களும்

நத்தாருக்குத் தொடங்கும் சீனவெடி, புதுவருட நள்ளிரவில் உச்சத்துக்குப் போய், தைப்பொங்கல் விடியலில்தான் ஓய்கிறது. இந்த மூன்று வாரங்களை நினைத்துக் கவலைப்பட்டு வந்த கேள்விகளுக்கு, யாழ்ப்பாணத்தில் மிருக வைத்தியராக வேலை செய்யும் அனுபவத்தில் பதில் தருகிறேன்.

கோண்டாவில்: டொக்டர், வெடி கேட்டால் எங்கள் மணி நடுங்கிக் கட்டிலுக்கடியில் போய்விடுகிறது. போன வருடம் படலையால் ஓடி, இரண்டு நாள் கழித்தே திரும்பி வந்தது. இந்த முறை சங்கிலியில் கட்டிவிடலாமா?

கட்டாதீர்கள் தங்கச்சி. பயந்த நாய்க்குத் தெரிந்த ஒரே வழி ஓடுவது. கட்டினால் கழுத்தை இறுக்கிக்கொள்ளும், மதில் பாய்ந்து தொங்கியும் போகும். சத்தத்தின் கூர்மையை அளக்கும் ஹேர்ட்ஸ் கணக்கில், நமக்கு 20,000 வரை கேட்கும் என்றால் நாய்க்கு 45,000 வரை கேட்கும். நாம் கவனிக்காத மெல்லிய ஓசையும் அதன் காதுக்கு எட்டிவிடும். அப்படிப்பட்ட காதருகே எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் வெடி வெடித்தால் என்ன செய்யும்?

வீட்டின் நடு அறையை அதற்குக் கொடுங்கள். யன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டு, மின்விசிறியையும் வானொலியையும் போட்டுவிடுங்கள். உங்கள் பழைய சேலையையோ ஐயாவின் சாரத்தையோ விரித்துவிட்டால், அந்த வாசமே அதற்குத் துணை. கட்டிலுக்கடிதான் வேண்டுமென்றால் அங்கேயே விடுங்கள், இழுத்தெடுக்க வேண்டாம். இதையெல்லாம் வெடி தொடங்கியபின் செய்து பயனில்லை. இன்றிலிருந்தே சாப்பாட்டை அந்த அறையில் வையுங்கள். அன்று பொழுதுபடுமுன் வெளியே கூட்டிப்போய் வந்துவிடுங்கள். கழுத்துப்பட்டியில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதுங்கள். வளவில் கட்டுத் தாழ்ந்த கிணறு இருந்தால் மூடிவிடுங்கள். இருட்டில் வெருண்டு ஓடும் நாய்க்குக் கிணறு தெரியாது.

சுன்னாகம்: பயப்படும்போது தடவிக்கொடுத்தால் பயம் கூடிவிடும் என்கிறார் அம்மம்மா. உண்மையா?

இல்லை. சொன்ன வேலையைச் செய்ததற்கு இறைச்சித் துண்டு கொடுத்தால் நாய் அதைத் திரும்பச் செய்யும். பயம் அப்படி வளர்வதில்லை. செல் விழுந்த காலத்தில் பங்கருக்குள் அம்மாவின் மடியைப் பிடித்துக்கொண்டு இருந்தோமே, அந்த மடி எங்கள் பயத்தைக் கூட்டியதா? அம்மம்மாவிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். நாய் உங்களைத் தேடி வந்தால் பக்கத்தில் இருந்து தடவுங்கள். இறுக்கிப் பிடிக்கவும் வேண்டாம், ஏசவும் வேண்டாம்.

கொக்குவில்: அரைப் பனடோலோ நித்திரைக் குளிசையோ கொடுக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். பூனைக்கு ஒரு பனடோலே உயிரை எடுத்துவிடும். நாய்க்கும் நீங்களாக அளவு பார்த்துக் கொடுக்கும் மருந்தல்ல அது. அசெப்ரோமசின் போன்ற பழைய மயக்க மருந்தைத் தனியாகக் கொடுத்தால், உடம்பு அசையாமல் கிடக்கும், பயம் உள்ளே அப்படியே இருக்கும். பார்ப்பவருக்கு நிம்மதி, அந்தச் சீவனுக்கு இரட்டை வேதனை. பயத்தையே குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன: கபபென்ரின், ட்ரசோடோன் போன்றவை. எடைக்கு ஏற்ப வைத்தியர்தான் எழுத வேண்டும். வெடிக்கு முன்பே கொடுக்க வேண்டும், அதற்கு முன்னொரு நாள் கொடுத்துப் பார்ப்பதும் நல்லது. ஆகவே 31ஆம் திகதி பின்னேரம் ஓடி வராமல் இந்தக் கிழமையே வாருங்கள்.

குருநகர்: பூனை அலுமாரிக்கு மேல் ஏறி இறங்க மறுக்கிறது.

இருக்கட்டும். உயரம் அதற்குப் பாதுகாப்பு. தண்ணீரையும் மண் பெட்டியையும் அந்த அறையிலேயே வையுங்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் மட்டும் கொண்டுவாருங்கள்.

நல்லூர்: கனடாவிலிருந்து அண்ணா குடும்பம் வந்திருக்கிறது. பிள்ளைகள் கேக் ஊட்டுகிறார்கள். நேற்று நாய் சின்னவனைப் பார்த்து உறுமியது. அடிக்கலாமா?

அடிக்காதீர்கள். உறுமல் அது தரும் எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். ஆட்கள் நிறைந்திருக்கும் நேரத்தில் அதற்குத் தனியிடம் கொடுங்கள், பிள்ளைகள் அங்கே போகக்கூடாது. கேக்கைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. அதிலும் சர்க்கரைப் பொங்கலிலும் போடும் முந்திரிகை வற்றல் (உலர்ந்த திராட்சை) நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எவ்வளவு தின்றால் ஆபத்து என்று ஓர் அளவும் சொல்ல முடியாது. வெளிநாட்டிலிருந்து வந்த சொக்லேட்டும் நஞ்சுதான். தின்றுவிட்டால், வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே கொண்டுபோங்கள். முதல் ஓரிரு மணித்தியாலங்கள்தான் முக்கியம்.

அளவெட்டி: மாடு, ஆடுகளுக்கு?

கொட்டிலுக்குப் பக்கத்தில் வெடி கொளுத்த விடாதீர்கள். கயிறு கழுத்தை இறுக்காத முடிச்சாக இருக்கட்டும். சினைப்பட்டவற்றைத் தெருவிலிருந்து தள்ளிக் கட்டுங்கள்.

மானிப்பாய்: இந்தப் பயத்தை முழுதாக மாற்ற முடியுமா, ஐயா?

பல நாய்களில் நன்றாகக் குறைக்கலாம். வெடிச் சத்தத்தைக் கைத்தொலைபேசியில் பதிந்து, நாய் காதை மட்டும் திருப்பும் அளவுக்கு மெல்லப் போடுங்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் பின்னால் ஒரு துண்டு இறைச்சி. நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். கிழமைக் கணக்கில் சத்தத்தைக் கூட்டுங்கள். இறைச்சியைத் தொடவில்லை என்றால் கூட்டியது அதிகம், ஒரு படி இறங்குங்கள். வெடி நடக்கும் நாட்களில் தொடங்க வேண்டாம். பொங்கல் முடிந்து ஒரு கிழமை கழித்துத் தொடங்குங்கள். தீபாவளிக்கு ஒன்பது மாதம் இருக்கும்.