மோட்டாரும் டிரான்ஸ்பார்மரும்: கேட்டதும் சொன்னதும்

பர்மாவின் பெகு ஊர், தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்: அண்ணே, இண்டக்‌ஷன் மோட்டாரும் ஒரு டிரான்ஸ்பார்மர்தான் என்று வகுப்பில் சொல்கிறார்கள். ஒன்று சுற்றுகிறது, இன்னொன்று அசையாமல் நிற்கிறது. எப்படி?

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள் தம்பி. மோட்டாரின் நிற்கும் பாகமான ஸ்டேட்டர்தான் பிரைமரி, அதாவது மின்சாரம் வாங்கும் சுருள். சுற்றும் பாகமான ரோட்டர்தான் செகண்டரி, அதாவது மறுபக்கச் சுருள். ரோட்டருக்கு யாரும் கம்பி இழுத்துக் கரண்ட் கொடுப்பதில்லை, தூண்டலால், அதாவது மாறும் காந்தப்புலத்தால் வருகிறது. ஆனால் அந்தச் செகண்டரியை இரண்டு முனையிலும் வளையம் போட்டு ஷார்ட் செய்து, சுற்றவும் விட்டிருக்கிறார்கள். நிற்கும்போது ரோட்டர் கரண்டின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 சுழற்சி. நான்கு போல் (காந்த முனை) மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்றை எட்டியதும் வெறும் 2 ஹெர்ட்ஸ். ஸ்டேட்டரின் காந்தப்புலம் 1500இல் சுற்ற, ரோட்டர் 4 சதவீதம் பின்தங்குகிறது. பின்தங்காவிட்டால் தூண்டலே கிடையாது. ஸ்டார்ட் செய்யும்போது ஆறேழு மடங்கு கரண்ட் இழுப்பதும் இதனால்தான்: ஷார்ட்டான செகண்டரி அப்போது அசையாமல் நிற்கிறது.

அதே மாணவர்: சுமையே இல்லாமல் ஓடினாலும் மோட்டார் ஏன் இவ்வளவு ஆம்பியர் எடுக்கிறது?

ஸ்டேட்டருக்கும் ரோட்டருக்கும் நடுவே உள்ள காற்று இடைவெளிதான் காரணம். டிரான்ஸ்பார்மரில் காந்தப்பாதை முழுக்க இரும்பு. காந்தப்புலத்தை உண்டாக்க முழுச்சுமைக் கரண்டில் இரண்டு மூன்று சதவீதம் போதும். மோட்டாரில் அந்த அரை மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டவே 30, 40 சதவீதம் போய்விடும்.

ரங்கூன்: டிரான்ஸ்பார்மரின் அளவைக் கேவிஏ (கிலோவோல்ட்-ஆம்பியர்) என்கிறார்கள், மோட்டாரின் அளவை எச்பி (குதிரைத்திறன்) என்கிறார்கள். ஏன்?

டிரான்ஸ்பார்மரின் சூடு வோல்டேஜையும் கரண்டையும் பொறுத்தது. என்ன சுமை மாட்டுவீர்கள் என்று செய்தவருக்குத் தெரியாது. மோட்டாரில் நமக்கு வேண்டியது தண்டில் கிடைக்கும் வேலை.

தட்டோன், நெல் ஆலை: சாயங்காலம் 400 வோல்ட் 320க்கு இறங்குகிறது. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் (முதலில் ஸ்டார் இணைப்பில் குறைந்த கரண்டில் கிளப்பி, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றுவது). மோட்டார் முனகுகிறது, கிளம்பவில்லை. டிரான்ஸ்பார்மருக்கு ஒன்றும் ஆகவில்லையே ஐயா?

ஆகாது. வோல்டேஜ் குறைந்தால் அது குறைத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். மாட்டிக்கொள்வது மோட்டார். டார்க், அதாவது சுழற்றும் திறன், வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப இறங்கும்: 80 சதவீத வோல்டேஜுக்கு 64 சதவீத டார்க். ஸ்டாரில் அதிலும் மூன்றில் ஒரு பங்குதான், ஆக சுமார் 21 சதவீதம். ஹாப்பரில் (நெல் கொட்டும் தொட்டியில்) நெல்லோடு எப்படிக் கிளம்பும்? காலியாக ஸ்டார்ட் செய்து, டெல்டாவுக்கு மாறி வேகம் பிடித்த பிறகு நெல்லை விடுங்கள். ஓடும்போதும் கவனம் வேண்டும்: வோல்டேஜ் குறைந்து, அதே சுமைக்குக் கால்வாசி கரண்ட் கூடினால் மோட்டார் சுருளில் சூடு ஒன்றரை மடங்கு. கரண்ட் கூடினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே விழுகிறதே என்று செட்டிங்கைத் திருகி ஏற்றுகிறவர்கள் எரிந்த சுருளை மாற்றிச் சுற்றும் ரீவைண்டிங் கடைக்காரருக்குத்தான் உபகாரம் செய்கிறார்கள்! மோட்டார் பக்கத்திலேயே சரியான அளவு கெப்பாசிட்டர் (மின்தேக்கி) போட்டால் லைன் கரண்ட் குறையும், வோல்டேஜும் கொஞ்சம் தூக்கும். டிரான்ஸ்பார்மரில் டேப், அதாவது வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் இணைப்பை, மாற்றுவது மின்வாரியத்தார் வேலை. நீங்கள் ஏற வேண்டாம்.

மோல்மீன்: எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் உறுமுகிறதே, உள்ளே ஏதாவது சுற்றுகிறதா?

எதுவும் சுற்றவில்லை அம்மா. காந்தம் ஏறி இறங்கும்போது இரும்புத் தகடு மிக நுண்ணிய அளவில் நீண்டு சுருங்கும். ஒரு சுழற்சிக்கு இரண்டு தடவை, அதாவது 100 ஹெர்ட்ஸ். சீரான உறுமல் என்றால் கவலையில்லை. படபடவென்று பொரிகிற சத்தமோ எண்ணெய்க் கசிவோ இருந்தால் விலகி நின்று ஆபீசுக்குச் சொல்லுங்கள்.