பாட்டுப் பெட்டிகள்: பட்டறைக்காரர் பதில்கள்

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் எங்கள் தாத்தா கணக்குப்பிள்ளையாக இருந்தார். பங்களா கைமாறியபோது துரை கொடுத்துவிட்டுப் போன மரப்பெட்டி ஒன்று வீட்டில் இருக்கிறது. மூடியைத் தூக்கினால் தட்டு இல்லை. டம்ளர் பருமனில் பளபளவென்று ஓர் உருளை படுத்த வாக்கில் இருக்கிறது. முன்பக்கம் ரிப்பன் வரைந்து அதற்குள் எடிசன் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. கைப்பிடியைச் சுற்றினால் பிடிப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டே போகிறது. கூடவே அட்டை டப்பாக்களில் கறுப்பிலும் நீலத்திலும் சில குழல்கள். இது கிராமபோன்தானா? மறுபடி பாட வைக்க முடியுமா? தம்பி மகன் பெட்டிக்கு வார்னிஷ் அடித்துப் புதுசாக்கித் தருகிறேன் என்கிறான்.
– வாசகி, ஏற்காடு

பதில்: முதலில் தம்பி மகனிடமிருந்து அந்த வார்னிஷ் டப்பாவை வாங்கி உள்ளே வையுங்கள் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம்.

உங்களிடம் இருப்பது கிராமபோனுக்கு மூத்தது. ஃபோனோகிராஃப். 1877இல் எடிசன் இதை முதலில் ஈயத்தாள் சுற்றிய உருளையில் செய்து காட்டினார். பாட்டைக் கோடாகப் பதித்த மெழுகுக் குழலை உருளையில் மாட்டிப் பாட வைப்பது பிறகு வந்தது. தட்டு வைத்துப் பாடுகிற கிராமபோன் எமில் பெர்லினர் என்பவர் கண்டுபிடித்தது, அதற்குப் பத்து வருஷம் பின்னால். கிராமபோனில் தட்டின் கோடே ஊசியை இழுத்துக்கொண்டு போகும். உங்கள் பெட்டியில் மெல்லிய மரை வெட்டிய கம்பி ஒன்று இருக்கும் பாருங்கள், அதுதான் பாடும் தலையை, அதாவது குழலின் கோட்டில் முனை வைத்து ஒலி எழுப்பும் பகுதியை, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும். அந்த மரையில் உட்காரும் சின்னப் பல் தேய்ந்திருந்தால், பாட்டு ஒரே இடத்தில் நின்றுவிடும். அதற்காக மரையில் அரம் போடச் சொல்லும் ஆளைப் பட்டறைக்குள் விடாதீர்கள்.

எந்த மாடல் என்று அறியப் பெட்டியில் அடித்திருக்கும் உலோகத் தகட்டைப் படியுங்கள். ஜெம், ஸ்டாண்டர்ட், ஹோம், ட்ரையம்ஃப் என்பவை எடிசன் கம்பெனி அதிகம் விற்ற வகைகள். ஜெம் எல்லாவற்றிலும் சின்னது, ட்ரையம்ஃபில் மூன்று ஸ்பிரிங். தகட்டில் வரிசை எண்ணும் காப்புரிமைத் தேதிகளும் இருக்கும். தேதிகளில் கடைசியானதற்கு முன்னால் அந்தப் பெட்டி செய்யப்பட்டிருக்க முடியாது, அவ்வளவுதான் அது சொல்லும். அதையே பிறந்த வருஷமாக எடுத்துக்கொண்டு விலை பேசுகிறவர்கள் நிறைய.

கைப்பிடி பிடிப்பில்லாமல் சுற்றுகிறது என்றால், ஸ்பிரிங் அறுந்திருக்கும், அல்லது முனை கொக்கியிலிருந்து கழன்றிருக்கும். முனையோரமாக அறுந்திருந்தால் அதிர்ஷ்டம். அந்த இடத்தை மட்டும் நெருப்பில் காட்டி மெதுவாக்கி, புதுத் துளை போட்டு மாட்டிவிடலாம். நடுவில் அறுந்திருந்தால் அகலம், தடிமன், நீளம் அளந்து வேறு ஸ்பிரிங்தான். எதுவானாலும் ஸ்பிரிங் டப்பாவை வீட்டில் திறக்க வேண்டாம். அறுந்த ஸ்பிரிங்கிலும் விசை மிச்சமிருக்கும், கையைக் கிழித்துவிடும். பழைய மோட்டார் வேலை தெரிந்தவர் அதை இறக்கி, கெட்டிப்பட்ட கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிரீஸ் வைத்து ஏற்றட்டும்.

மோட்டாரிலிருந்து உருளைக்குப் போகும் தோல் பெல்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள். புதுப் பெல்ட்டின் இரு முனைகளையும் சரிவாகச் சீவி ஒட்ட வேண்டும். ஒட்டு தடித்துவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் பாட்டு ஒரு குலுங்கு குலுங்கும். வேகம் நிமிஷத்துக்கு 160 சுற்று. உருளை ஓரத்தில் துண்டுக் காகிதம் ஒட்டி எண்ணுங்கள். 15 விநாடிக்கு 40 தடவை வந்தால் சரி.

இனி குழல்கள். இங்கேதான் என் கவலை. பெட்டியில் எதைக் கெடுத்தாலும் எப்படியாவது சரிசெய்துவிடலாம், மெழுகில் ஒரு கோடு போனால் போனதுதான். கறுப்பு என்றால் பெரும்பாலும் மெழுகு. நீலம் 1912இல் வந்த செல்லுலாய்டு, உள்ளே பாரிஸ் சாந்து (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்). மெழுகிலேயே இரண்டு நிமிஷக் குழல், நான்கு நிமிஷக் குழல் என்று இரண்டு வகை. கடிகாரக்காரர் லென்ஸ் வழியே ஸ்கேலை வைத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்குள் ஏறக்குறைய 4 கோடு என்றால் இரண்டு நிமிஷம், 8 என்றால் நான்கு. பிறகு பாடும் தலையில் என்ன எழுத்து பொறித்திருக்கிறது என்று தேடுங்கள். ‘சி’ இரண்டு நிமிஷ மெழுகுக்கு, ‘எச்’ நான்கு நிமிஷ மெழுகுக்கு, ‘கே’ இரண்டுக்கும். நீலக் குழலுக்கென்றே வைர முனைத் தலைகள் வந்தன. வைர முனையை மெழுகில் வைத்தால் பாட்டு தூளாக உதிரும். தலைக்குள் இருக்கும் ரப்பர் வளையம் இத்தனை வருஷத்தில் கல்லாகியிருக்கும். அதை மாற்றினாலே பாதிக் கரகரப்பு போய்விடும்.

குழலை வெளிப்பக்கம் தொடக் கூடாது. இரண்டு விரலை உள்ளே விட்டு விரித்துத் தூக்குங்கள். மார்கழிக் காலையில் சில்லிட்டிருக்கும் மெழுகில் சூடான விரலை விட்டால் விரிசல் விழலாம். அறையின் சூட்டுக்கு வரட்டும். சேலத்துக்குக் கொண்டுவருவதானால் சித்திரை வெயிலில் வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி, கண்ணாடி ஏற்றிய காரில் விட்டுவிட்டு நீங்கள் சாப்பிடப் போனால் மெழுகு கோணிவிடும். நீலக் குழல் ஈரத்தில் உள்சாந்து ஊதி உருளையில் ஏறாமல் நிற்கும். அழுத்தித் தள்ளாதீர்கள்.

வார்னிஷ் விஷயம். பெட்டியின் ரிப்பன் எழுத்தும், இரும்பின் பொன்கோடுகளும் ஸ்பிரிட்டோ தின்னரோ பட்டால் கையோடு வந்துவிடும். காய்ந்த மெல்லிய துணியால் தூசி துடையுங்கள், போதும்.

கேள்வி: எடிசன் பெட்டியின் உருளையில் நிக்கல் உரிந்திருந்தால் எங்கள் பட்டறையில் முலாம் போட்டுத் தரலாமா? என்னிடமும் நாய் படம் போட்ட பித்தளைக் குழாய் கிராமபோன் ஒன்று இருக்கிறது, சந்தையில் வாங்கியது. பழசுதானா?
– கொலுசுப் பட்டறைக்காரர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: உருளையில் முலாம் ஏறினால் பருமன் கூடும். குழல் அதில் சரியாக உட்காரும் அளவுக்குத்தான் அது கடைந்திருக்கிறது. பாலிஷ் போட்டால் குறையும். இரண்டும் வேண்டாம் தம்பி. ஸ்பிரிங் முனையை மெதுவாக்க உங்கள் ஊதுகுழலும் நுண்ணிய குறடும் கட்டாயம் உதவும். நீலக் குழலை மட்டும் அந்தச் சுடர் பக்கம் கொண்டுபோகாதீர்கள், செல்லுலாய்டு பற்றிக்கொள்ளும்.

உங்கள் கிராமபோனில் ஒரு திருகையாவது கழற்றிப் பாருங்கள். ஸ்டார் திருகு இருந்தால் நேற்றைய கைவேலை. அந்தக் காலத்துப் பெட்டியில் ஒற்றைக் கோட்டுத் திருகுதான். பளபளக்கும் பித்தளைக் குழாயும், புது மரமும், பழைய கையடக்கப் பெட்டியின் மோட்டாருமாகச் சேர்த்து விற்பவை நாடு முழுக்க உண்டு. இன்னொன்று: அந்த நாய் முதலில் கேட்டதே குழல் பெட்டியைத்தான். பாரோ என்ற ஓவியர் ஃபோனோகிராஃபை வைத்து வரைந்திருந்தார். 1899இல் கிராமபோன் கம்பெனி தன் தட்டுப் பெட்டியை அதன் மேலேயே வரைந்து மாற்றச் சொல்லி வாங்கியது.

கேள்வி: எடிசன் குழலை ஓட்டாமலே அதில் என்ன பாட்டு என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?
– மாணவர், அஸ்தம்பட்டி

பதில்: பெரும்பாலானவற்றில் விளிம்பில் எண்ணும் தலைப்பும் இருக்கும். அந்த எண்ணை வைத்துக் கலிஃபோர்னியாவில் சாண்டா பார்பரா பல்கலைக்கழக நூலகத்தின் குழல் சேகரிப்பில் தேடுங்கள். ஆயிரக்கணக்கான குழல்களை எண்மமாக்கி இணையத்தில் இலவசமாகக் கேட்க வைத்திருக்கிறார்கள். டப்பாவின் பெயரை நம்பாதீர்கள். டப்பாவும் குழலும் ஜோடி மாறிப் போவது சகஜம்.