ஒரு கிலோ யுரேனியத்துக்கு எத்தனை டன் கரி?

குன்னூரில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். மலை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

கோத்தகிரி, பிளஸ் டூ மாணவி: சார், ஒரு கிலோ யுரேனியம் 3,000 டன் நிலக்கரிக்குச் சமமாமே?

யுரேனியம்-235 மட்டும் ஒரு கிலோ எடுத்து, அத்தனை அணுக்களும் பிளந்தால் சரிதான் அம்மா. ஒரு கார்பன் அணு எரிந்தால் ஏறக்குறைய 4 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) கிடைக்கும். ஒரு யுரேனியம் அணு பிளந்தால் சுமார் 20 கோடி! எரியும்போது வெளிப்புற எலக்ட்ரான்கள்தான் இடம் மாறுகின்றன. இங்கே அணுக்கருவே உடைகிறது. அணுவுக்கு அணு 5 கோடி மடங்கு. ஆனால் யுரேனியம் அணு கார்பனைவிட ஏறக்குறைய 20 மடங்கு கனம் என்பதால், கிலோவுக்குக் கிலோ 25 லட்சம் மடங்காகிறது. கரியில் ஈரமும் சாம்பலும் கலந்திருப்பதால் 30 லட்சத்தைத் தொடுகிறது; 30 லட்சம் கிலோ என்றால் 3,000 டன்.

கூடலூர், கடைக்காரர்: அப்போ கல்பாக்கத்துக்கு வருஷத்துக்குச் சில கிலோ போதுமே?

போதாது. வெட்டியெடுக்கும் யுரேனியத்தில் 235 வகை வெறும் 0.7 சதவீதம். கல்பாக்கத்தின் கனநீர் (கனமான ஹைட்ரஜன் கொண்ட நீர்) உலைகள் அதை அப்படியே பயன்படுத்துகின்றன. அந்த 235 முழுதும் தீரும் முன்பே எரிபொருளை மாற்றியாக வேண்டும். அங்கே ஒரு கிலோ தரும் வெப்பம், 20 டன்னுக்குச் சற்று அதிகமான நல்ல கரிக்குச் சமம். கூடங்குளத்தில் செறிவூட்டிய, அதாவது 235-இன் பங்கைக் கூட்டிய யுரேனியம். அங்கே நூறு டன்னைத் தாண்டும். 3,000 என்று முழங்கிவிட்டு இந்த 20-ஐ மறைப்பது எனக்கு ஒப்பவில்லை. ஒரு கிலோவுக்கு இரண்டு லாரி கரி என்பதே எவ்வளவு பெரிய விஷயம்!

மசினகுடி, விவசாயி: நம்ம பைக்காரா தண்ணியோடு ஒப்பிட்டால்?

1932-லிருந்து மின்சாரம் தரும் தண்ணீர் ஆயிற்றே! ஒரு லிட்டர் 1,000 மீட்டர் விழுந்தால் 9,800 ஜூல். ஒரு கிலோ நல்ல கரியின் வெப்பம் 2 கோடியே 70 லட்சம் ஜூல். ஆனால் அனல் நிலையத்தில் அதில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகும்; நீர்மின் நிலையத்தில் பத்தில் ஒன்பது பங்கு. எனவே ஒரு கிலோ கரிக்கு ஈடு, அந்த உயரத்திலிருந்து விழும் ஆயிரம் லிட்டர். அணு உலையும் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கை இழப்பதுதான்.

குன்னூர், தேயிலைத் தொழிற்சாலை ஊழியர்: கழிவு குறைவுதானே ஐயா?

எடையில் மிகக் குறைவு. நம் நாட்டுக் கரியில் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். ஆனால் பயன்படுத்திய அணு எரிபொருள் உலையை விட்டு வந்த பிறகும் சுட்டுக்கொண்டே இருக்கும்; வருடக்கணக்கில் நீர்த்தொட்டியில் வைக்க வேண்டும். அதன் கதிர்வீச்சு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீடிக்கும். இதை எடைத் தராசில் மட்டும் பார்க்கக் கூடாது.

வெலிங்டன், எட்டாம் வகுப்பு மாணவன்: நம்ம மலை ரயிலில் யுரேனியம் போடலாமா சார்?

முடியாது தம்பி. கதிர்வீச்சைத் தடுக்கும் கனமான கவசத்தோடு பல்சக்கரப் பாதையில் ஏற முடியாது. கடலில் முடியும்; நம் அரிஹந்த் நீர்மூழ்கி அப்படித்தான் ஓடுகிறது.