ஊருக்கே சொந்தமான அணி

கேள்வி: அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் படிக்கும் என் மகள், அங்குள்ள கிரீன் பே பேக்கர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) அணிக்கு முதலாளி என்று ஒருவர் கிடையாது என்கிறாள். கோடீஸ்வரர்களின் கையில் இருக்கும் என்.எஃப்.எல். என்ற தேசியக் கால்பந்து லீக்கில் ஒரு சிற்றூர் அணி இப்படி நிலைத்திருப்பது எப்படி?
– வாசகி, வேளச்சேரி

பதில்: உங்கள் மகள் சொன்னது உண்மைதான். லீக்கில் உள்ள 32 அணிகளில் பேக்கர்ஸ் மட்டுமே பொதுமக்களின் பங்குகளால் ஆன, இலாப நோக்கமற்ற அமைப்பு. கிரீன் பே நகரின் மக்கள்தொகை சுமார் 1 லட்சத்து 7 ஆயிரம். 2011 கணக்கெடுப்பின்படி நம் பழைய தாம்பரம் நகராட்சியில் மட்டும் 1 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வசித்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஊரின் அளவு விளங்கும்.

கர்லி லாம்போ என்ற இளைஞரும் ஜார்ஜ் கால்ஹூன் என்ற பத்திரிகையாளரும் சேர்ந்து 1919 ஆகஸ்டில் இந்த அணியைத் தொடங்கினார்கள். 1921இல் அது லீக்கில் சேர்ந்தது. மறு ஆண்டே பண முடையும் மழையும் சேர்ந்து அணியை நொடித்துப்போகும் நிலைக்குத் தள்ளின. அப்போது உள்ளூர் நாளிதழின் மேலாளராக இருந்த ஆண்ட்ரூ டர்ன்புல் ஊர் வணிகர்களைக் கூட்டிப் பேசியதன் விளைவாக, 1923இல் பங்கு ஒன்று 5 டாலர் என விற்று அணியை ஊரே வாங்கிக்கொண்டது. திருவல்லிக்கேணியில் 1904இல் சிறு சிறு பங்குகளைச் சேர்த்துக் கூட்டுறவுச் சங்கம் கண்டவர்களின் ஊரில் இருந்து பார்க்கும் நமக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்றாது.

அந்த நிறுவன விதிகளில் ஒரு நுட்பமான வரி இருந்தது. அணி எப்போதாவது விற்கப்பட்டால், கடன் போக மிஞ்சும் தொகை முழுவதும் உள்ளூர் முன்னாள் படைவீரர் சங்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பங்குதாரர் எவருக்கும் அதிலிருந்து ஒரு காசும் கிடைக்காது. 1997இல் அந்தத் தொகை அணியின் அறக்கட்டளைக்குச் சேரும் என்று விதி மாற்றப்பட்டது. விற்பதால் யாருக்கும் ஆதாயமில்லை என்று ஆகிவிட்டபடியால், அணியை வேறு பெருநகருக்குக் கொண்டுபோகும் ஆசையும் எவருக்கும் எழ இடமில்லாமல் போயிற்று. கோப்பைகளைக் காட்டிலும் இந்த ஒரு வரிதான் பேக்கர்ஸின் வரலாற்றில் பெரியது என்பது என் கருத்து.

ஊர்ப் பற்று மட்டும் போதியிருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். லீக்கின் ஆணையராக இருந்த பீட் ரொஸெல், தொலைக்காட்சி ஒளிபரப்பு வருவாயை எல்லா அணிகளும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார்; அதற்கு இடந்தரும் சட்டம் 1961இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நியூயார்க் அணிக்குக் கிடைக்கும் அதே பங்கு கிரீன் பேக்கும் கிடைத்ததால்தான், ஊர் காப்பாற்றி வைத்திருந்த அணி பிற்காலத்தில் செல்வந்த அணிகளோடு போட்டியிட முடிந்தது. இன்றைய லீக் விதிகள் இத்தகைய பொது உடைமையை அனுமதிப்பதில்லை. விதி வருமுன்பே இருந்த அணி என்பதால் பேக்கர்ஸுக்கு மட்டும் விலக்கு.

கேள்வி: அந்தப் பங்குகளை வாங்கினால் இலாபம் உண்டா?
– வாசகர், அண்ணா நகர்

பதில்: இல்லை. ஈவுத்தொகை கிடையாது, விலை ஏறாது, சந்தையில் விற்கவும் முடியாது. நெருங்கிய உறவினருக்கு மாற்றித் தரலாம், அவ்வளவே. வாக்குரிமையும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கலந்துகொள்ளும் உரிமையும் உண்டு. இத்தனைக்கும் 1923, 1935, 1950, 1997, 2011, 2021 ஆகிய ஆண்டுகளில் தொடங்கிய ஆறு விற்பனைகளின் வழியே இன்று 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள் இருக்கிறார்கள். கடைசி விற்பனையில் பங்கின் விலை 300 டாலர். ஒருவரே 2 லட்சம் பங்குகளுக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது.

கேள்வி: பேக்கர்ஸ் என்றால் நம் ஊரில் வீடு மாறும்போது சாமான்களைக் கட்டி ஏற்றுபவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். அணிக்கு ஏன் இந்தப் பெயர்?
– வாசகர், பெரம்பூர்

பதில்: இறைச்சியைத் தகர டப்பாக்களில் அடைத்து விற்ற இந்தியன் பேக்கிங் கம்பெனி என்ற நிறுவனத்தில் லாம்போ வேலை பார்த்தார். சீருடை முதலியன வாங்க அந்த நிறுவனம் 500 டாலர் கொடுத்தது. பயிற்சிக்கு மைதானமும் தந்தது. அதனால்தான் இந்தப் பெயர். பெயரில் ‘இந்தியன்’ இருந்தாலும் நம் நாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கேள்வி: இந்த அணியின் ஆட்டக்காரர்களில் உங்கள் பார்வையில் தலைசிறந்தவர் யார்?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: 1935 முதல் 1945 வரை ஆடிய டான் ஹட்ஸன், தன்னிடம் எறியப்பட்ட பந்துகளைப் பிடித்து 99 டச்டவுன்கள் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) எடுத்தார், அந்தச் சாதனையை முறியடிக்க 1989 வரை எவராலும் முடியவில்லை. பிரெட் ஃபாவ்ர், 1992 முதல் 2007 வரை இந்த அணிக்காகத் தொடர்ந்து 253 லீக் ஆட்டங்களை, ஒன்றைக்கூடத் தவறவிடாமல், முதல் நிமிடத்திலிருந்து ஆடினார். ஆரன் ராட்ஜர்ஸ் நான்கு முறை லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். ஆயினும் என் தேர்வு பார்ட் ஸ்டார்.

1956இல் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 17ஆம் சுற்றில், 200ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர் அவர். 1958 பருவத்தில் அணி ஆடிய 12 ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே வென்றது. அடுத்த ஆண்டு பயிற்சியாளராக வந்த வின்ஸ் லொம்பார்டி, எளிய உத்திகளைப் பிசகில்லாமல் வரும்வரை திரும்பத் திரும்பப் பழக்கினார். கறுப்பின ஆட்டக்காரர்களை ஏற்க மறுக்கும் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் அணியில் ஒருவரும் போக மாட்டார்கள் என்று ஊராரிடம் கண்டிப்பாகச் சொன்னார். அவரிடம் ஆட்டத்தை வழிநடத்தும் குவார்ட்டர்பேக்காக வளர்ந்த ஸ்டார், 1961க்கும் 1967க்கும் இடைப்பட்ட ஏழு பருவங்களில் ஐந்து சாம்பியன் பட்டங்களை அணிக்கு ஈட்டித் தந்தார். பருவத்தின் முடிவில் நடக்கும் உச்ச ஆட்டமான சூப்பர் பவுலின் முதல் இரண்டிலும் சிறந்த ஆட்டக்காரர் அவரே.

1967 டிசம்பர் 31 அன்று, நமக்கு மார்கழிக் குளிரே பெரிதாகத் தோன்றும் அதே நாளில், லீக் சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டம் நடந்த கிரீன் பேயில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 25 டிகிரி செல்சியஸ். மைதானத்தின் அடியில் பதித்திருந்த வெப்பமூட்டும் அமைப்பு பழுதாகித் தரை பனிக்கட்டியாக இறுகியது. நடுவர்களின் விசில்கள் வேலை செய்யவில்லை. டல்லஸ் கவ்பாய்ஸ் அணி 17–14 என முன்னிலையில் இருக்க, 16 நொடிகளே மிச்சம். எல்லைக்கோடு ஒரு கெஜத்துக்கும் குறைவான தூரத்தில். சமன் செய்யும் எளிய வழியை விட்டுவிட்டு, பந்தைத் தானே எடுத்துச் செல்வதாக லொம்பார்டியிடம் ஸ்டார் சொன்னார். சக ஆட்டக்காரர் ஜெர்ரி க்ரேமர் எதிராளியைத் தள்ளி ஏற்படுத்திய இடைவெளியில் ஸ்டார் விழுந்து, 21–17 என வெற்றியைத் தந்தார். அந்தப் பருவத்தோடு லொம்பார்டி பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து விலகினார். 1970இல் காலமான அவரது பெயரையே சூப்பர் பவுல் கோப்பை தாங்கி நிற்கிறது. அடுத்த 24 பருவங்களில் இரண்டில் மட்டுமே அணி இறுதிக்கட்டச் சுற்றுகளுக்கு முன்னேறியது. அந்த வறண்ட காலம் முழுவதிலும் கிரீன் பேயில் நடந்த லீக் ஆட்டங்களின் டிக்கெட்டுகள் விற்றுத் தீர்ந்துகொண்டே இருந்தன.

கேள்வி: பேக்கர்ஸ் வீரர்கள் சிறுவர்களின் சைக்கிளில் பயிற்சிக்குப் போவார்களாமே, உண்மையா?
– ஏழாம் வகுப்பு மாணவி, குரோம்பேட்டை

பதில்: உண்மைதான். லொம்பார்டி காலத்திலிருந்து வரும் வழக்கம் இது. கோடைக்காலப் பயிற்சி முகாமின்போது உள்ளூர்ப் பிள்ளைகள் தங்கள் சைக்கிள்களோடு லாம்போ ஃபீல்ட் மைதானத்துக்கு வெளியே காத்திருப்பார்கள். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆட்டக்காரர் ஒருவர் அந்தச் சின்னச் சைக்கிளில் முழங்கால் மார்பில் இடிக்க மிதித்துப் பயிற்சித் திடலுக்குப் போக, சைக்கிளுக்குச் சொந்தமான பிள்ளை அவருடைய ஹெல்மெட்டைச் சுமந்தபடி பக்கத்தில் ஓடி வரும்.