சங்கிலியை ஈடு வைத்துச் சோடனைச் சாமான் வாங்கலாமா?

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். சொந்த இடம் புதுக்குடியிருப்பு. குருமன்காட்டில் தோழிகளோடு அறை எடுத்து இருக்கிறேன். கைவேலை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். பழைய பேப்பரைச் சுருட்டிப் பூ வளையம், கண்ணாடியைச் சுற்றி நூல் வேலை, போத்தலில் பெயின்ற் என்று எங்கள் அறையைச் சோடித்து வைத்தேன். அதைப் பார்த்துப் பிறந்தநாளுக்குச் சோடித்துத் தரச்சொல்லிக் கேட்டார்கள். இதுவரை நாலு இடம் செய்துவிட்டேன். கடைசியாகச் செட்டிகுளத்தில் 12,000 ரூபாவுக்குச் செய்தேன். சாமானுக்கு 6,900, ஓட்டோவுக்கு 3,000 போனது. ஆனால் மாதக் கடைசியில் மகாபொலப் புலமைப்பரிசுக் காசும் இல்லை, உழைத்த காசும் இல்லை. எல்லாம் எங்கே போகிறது? இப்போது நெடுங்கேணியில் ஒரு சாமத்திய வீட்டு மணவறைச் சோடனைக்கு 35,000 தருவதாகச் சொல்கிறார்கள். இரும்புச் சட்டம், துணி, செயற்கைப் பூ வாங்க 60,000 வேண்டும். அம்மா தந்த ஒன்றரைப் பவுண் சங்கிலியை ஈடு வைக்கலாமா? பக்கத்து வீட்டு அக்கா குழுக்கடன் எடுத்துத் தரலாம் என்கிறார். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. அவர் கடகம், பெட்டி இழைத்துத்தான் எங்களைப் படிப்பிக்கிறார்.

பதில்: தங்கச்சி, சங்கிலியை ஈடு வைக்க வேண்டாம். குழுக்கடனும் வேண்டாம். ஆனால் நெடுங்கேணி வேலையை விடவும் வேண்டாம். கடன் இல்லாமலே அதைச் செய்யலாம்.

முதலில் செட்டிகுளத்துக் கணக்கைப் பார்ப்போம். உங்களுக்கு மிஞ்சியது 2,100 ரூபா. நீங்கள் அனுப்பிய கொப்பிப் பக்கத்தின் படத்தில், ஓரமாகப் பென்சிலால், இரண்டு இரவு நாலு நாலு மணித்தியாலம் கடதாசிப் பூ வெட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே போய்ச் சோடிக்க ஐந்து, கழற்ற ஒன்று. மொத்தம் 14 மணித்தியாலம். உங்கள் தோழி ஆறு மணித்தியாலம் கூட நின்றிருக்கிறார். இருவருக்கும் சேர்த்து 20 மணித்தியாலம். 2,100ஐ இருபதால் பிரித்தால் மணிக்கு 105 ரூபா. தோழிக்கு நீங்கள் ஒன்றும் கொடுக்கவில்லை, சாப்பாடு வாங்கிக் கொடுத்ததோடு சரி. குளூ குச்சியும் ரிபனும் போன மாதம் மகாபொலக் காசில் வாங்கி அறையில் கிடந்தவை, அவை கணக்கிலேயே வரவில்லை. காசு எங்கே போனது என்று கேட்கிறீர்கள். அது பலூனாகவும் ஓட்டோவாகவும் போயிருக்கிறது. உங்கள் மினக்கேட்டுக்கு விலை போடாததால் போனது தெரியவில்லை.

அதே வேலைக்கு நான் விலை சொல்வதானால், சாமான் 6,900, போக்குவரத்து 3,000, 20 மணித்தியாலத்துக்கு மணிக்கு 250 படி 5,000, தேய்மானத்துக்கும் உடைவுக்கும் ஒரு 1,500. மொத்தம் 16,400. அந்த வீட்டுக்காரர் அவ்வளவு தரமாட்டார் என்றால், 12,000க்குள் அடங்கும் சின்னச் சோடனையைத்தான் நீங்கள் காட்டியிருக்க வேண்டும். விலையைக் குறைத்தால் வேலையையும் குறையுங்கள். தெரிந்த சனம், ஒரே ஊர், அக்காவின் பிள்ளை என்றெல்லாம் வரும். தெரிந்தவர்களுக்குக் கழிவு கொடுக்க விரும்பினால் கொடுங்கள், அதையும் கொப்பியில் எழுதிவிட்டுக் கொடுங்கள்.

இனி அந்த 60,000. மணவறைக்கு வரும் 35,000இல் பூ, ரிபன், லாண்ட்மாஸ்டர் கூலி, உதவிக்கு வரும் பெடியளின் சாப்பாடு எல்லாம் ஏறக்குறைய 14,000 பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். மிச்சம் 21,000. ஒரு சதம் கூலி எடுக்காமல் இதுபோல மூன்று வேலை செய்தால்தான் வாங்கிய முதலே அடையும், வட்டி வேறு. அந்த மூன்று வேலையும் எப்போது வரும்? ஆடியிலும் மார்கழியிலும் எங்கள் பக்கத்தில் மங்கல காரியம் வைக்கமாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளங்கள் வான் பாயும் நாட்களில் வெளியில் பந்தலே நிற்காது. உங்களுக்குப் பரீட்சையும் இருக்கிறது. வட்டிக்கு ஆடியும் இல்லை, பரீட்சையும் இல்லை. தவணைக்குள் மீட்கவோ வட்டி கட்டிப் புதுப்பிக்கவோ முடியாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். இடம்பெயர்ந்து திரிந்த காலத்திலும் எத்தனையோ தாய்மார் சேலைத் தலைப்பில் முடிந்து காத்த நகைகள் பிறகு ஈட்டுக் கடையில் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

குழுக்கடனில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். கிழமைக்குக் கிழமை வாசலில் ஆள் வந்து நிற்கும். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பட்ட இப்படியான நுண்கடன்களை 1 லட்சம் ரூபா வரை தள்ளுபடி செய்ய 2018இல் அரசு முடிவெடுத்தது. அந்தப் பட்டியலில் வன்னி மாவட்டங்களும் இருந்தன. நிலைமை அந்த அளவுக்குப் போயிருந்தது. கிழமைக் கிழமை வருமானம் இல்லாத மாணவிக்குக் கிழமைக் கடன் பொருந்தாது.

சரி, பிறகு எப்படிச் செய்வது? சட்டத்தையும் துணியையும் வாடகைக்கு எடுங்கள். ஏற்கெனவே இந்தத் தொழில் செய்பவர்களிடம் வேலை இல்லாத நாளில் அவை சும்மா கிடக்கின்றன. 10,000க்குள் பேசி முடிக்கப் பாருங்கள். அப்படி முடிந்தால் 35,000இல் 14,000உம் 10,000உம் போக 11,000 மிஞ்சும். அதைத் தோழியோடு வேலை செய்த நேரத்தின்படி பிரியுங்கள். கை நிறையக் காசு என்று சொல்லமாட்டேன், ஆனால் அது முழுக்க உங்கள் காசு.

முற்பணம் பாதி, 17,500. அது கைக்கு வருமுன் ஒரு முழம் ரிபன்கூட வாங்கவேண்டாம். வாடகையும் பூவும் அந்தக் காசிலிருந்துதான் போகவேண்டும். மீதியை மணவறை சோடித்து முடிந்ததும், பிள்ளையைக் கொண்டுவந்து இருத்துவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். “விழா முடியட்டும் தங்கச்சி” என்பார்கள். மனம் கெட்டவர்கள் என்றில்லை. விழா முடிந்த இரவில் சமையல்காரர், வீடியோக்காரர், கதிரைக்காரர் என்று எல்லாரும் வாசலில் நிற்பார்கள், வயதில் சின்னவரான நீங்கள்தான் கடைசியாகத் தெரிவீர்கள்.

செயற்கைப் பூவைப் பற்றி ஒன்று. இந்தப் பூக்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து கொழும்புப் புறக்கோட்டை வழியாக எங்களிடம் வருபவை. 2022இல் ரூபா விழுந்து, செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 வீதத்துக்குப் போனபோது இப்படியான சாமான்களின் விலை எங்கே போனது என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். அதனால் விலை சொல்லும்போது “இந்த விலை இரண்டு கிழமைக்குத்தான்” என்று எழுத்தில் போடுங்கள்.

உங்கள் வீட்டிலோ விலை ஏறாத சாமான் இருக்கிறது. அம்மா கடகம் இழைக்கிறார் என்று கடிதத்தின் கடைசியில் ஒரு வரியில் எழுதி விட்டுவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் பெரிதாகப் பட்டது. பனங்குருத்தோலையை வார்ந்து, சாயத்தில் அவித்து, நிழலில் உலர்த்தி எடுத்தால் விசிறி மடிப்புப் பூவும் தோரணமும் பின்திரைத் தட்டியும் செய்யலாம். ரெஜிபோம் ஒரு விழாவில் மூலை உடைந்துவிடும். ஓலைத் தட்டியை மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்காமல் காற்றாட வைத்தால் பல விழாக்களுக்குக் காணும். பனை அபிவிருத்திச் சபை 1978இலிருந்து இருக்கிறது, அதன் கற்பகம் கடைகளில் ஓலைப் பொருள்கள் எப்படிச் செய்து, என்ன விலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை நின்று பாருங்கள். பிறந்தநாளுக்குப் பலூன் கட்ட வவுனியாவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஓலையில் மணவறை சோடிக்கும் கை எத்தனை பேருக்கு இருக்கிறது? ஆனால் அம்மாவிடம் இழைப்பிப்பதானால் அவருக்கும் கூலி. ஒரு கடகத்துக்கு அவர் என்ன வாங்குவாரோ, அந்த நேரக் கணக்கில் கொடுங்கள்.

காசை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். மகாபொல ஒரு கணக்கில், சோடனைக் காசு வேறு சேமிப்புக் கணக்கில். உங்கள் அறைக்குச் செய்வது உங்கள் ஆசை, அதற்கு மாதம் 1,000 ரூபா என்று மகாபொலக் காசில் ஒதுக்கி, மனம் நிறையச் செலவழியுங்கள். பெயின்ற் போத்தலுக்காக ஒருவரும் குற்ற உணர்வு படத் தேவையில்லை. ஒவ்வொரு வேலை முடியவும் மிச்சத்தில் கால் பங்கு சாமானுக்கு என்று நிற்கட்டும். சட்டம் வாங்கும் காசு அப்படிச் சேர்ந்த பிறகு வாங்கலாம். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிவதும் அப்போது போதும். வருமான வரி பற்றிப் பயப்படவேண்டாம், 2025 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 18 லட்சம் வரை தனியாள் வரி விலக்கு இருக்கிறது.

இன்று பின்னேரம் அம்மாவுக்கு எடுத்துச் சொல்லுங்கள், சங்கிலி நினைத்ததையும் சேர்த்து. பிறகு நெடுங்கேணி வீட்டுக்கு வட்ஸ்அப்பில் இப்படி அனுப்புங்கள்: “அன்ரி, மணவறைச் சோடனை 35,000 ரூபா. நாள் உறுதி செய்ய முற்பணம் 17,500. மீதி சோடித்து முடிந்தவுடன். லாண்ட்மாஸ்டர் கூலி இதற்குள் அடக்கம். மின்சாரமும் வெளிச்சமும் உங்கள் பக்கம். இந்த விலை இரண்டு கிழமைக்குச் செல்லும்.”