பழைய ஸ்டீல் கிட்டாருக்கு உதிரிபாகம் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் செய்துகொள்ள முடியுமா?

கிடைக்கும். கிடைக்காததைச் செய்துகொள்ளவும் முடியும். அதற்கு முன்னால் ஒன்று: உடைந்த துண்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். இப்போதே அதை ஒரு டப்பாவில் எடுத்து வைத்துவிட்டு வந்து மிச்சத்தைப் படியுங்கள்.

எந்தப் பாகம் உடைந்தது என்று நீங்கள் எழுதவில்லை. மடியில் வைத்து வாசிக்கும் ஆறு கம்பி லேப் ஸ்டீல், வீட்டுப் பெரியவர் யாரோ வாசித்தது, பல வருடம் பரணில் கிடந்து இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கு நடந்தது அப்படித்தான்.

என்னுடையது பெரியப்பாவின் கிட்டார். அவர் காலமாகி வெகுநாள் கழித்துப் பெட்டியைத் திறந்தபோது, கம்பிகளை அடிமுனையில் தாங்கும் பிரிட்ஜ் குறுக்கே உடைந்து மூன்று துண்டாகக் கிடந்தது. யாரும் கீழே போடவில்லை. உடைந்த முகம் சாம்பல் நிறத்தில், கல்லுப்பு போல நொறுநொறுவென்று இருந்தது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பாகங்களைத் துத்தநாகக் கலவையில் வார்த்துவிடுவார்கள். கலவையில் கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டால்கூட வருடக்கணக்கில் ஈரக்காற்று பட்டு உள்ளுக்குள்ளேயே அரித்து, உப்பி, ஒருநாள் தானாக விரிசல் விட்டுவிடும். அதை வெல்டிங் செய்ய நினைக்காதீர்கள். 400 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும் உலோகம் அது. பசையும் உதவாது. ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுவை தரும், பசை எத்தனை நாள் தாங்கும்?

விவரம் தெரியாமல் அதை ஒரு பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தேன். எனக்கு இன்றும் ஆறாத இடம் இதுதான். திரும்பி வந்தபோது சாதாரண கிட்டார் பிரிட்ஜ் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அதற்காக மரத்தில் புதிதாக மூன்று துளைகள் போட்டிருந்தார்கள். பழைய பிரிட்ஜின் இரண்டு துண்டுகளைத் தூக்கி எறிந்துவிட்டார்களாம். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்அப்பைத் தாங்கும் திருகு ஒன்று தொலைந்துபோய், அதன் இடத்தில் 3.5 மில்லிமீட்டர் திருகு ஒன்றை முறுக்கி ஏற்றியிருந்தார்கள். அமெரிக்கப் பழைய கிட்டார்களில் வருவது அங்குலக் கணக்குத் திருகு. 6-32 என்பார்கள். விட்டம் 3.51 மில்லிமீட்டர், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் அதில் மரைக்கு மரை இடைவெளி 0.79, இவர்கள் ஏற்றியதில் 0.6. இரண்டு சுற்று போய் இறுகும்போதே நிறுத்தியிருக்க வேண்டும். ஸ்பேனரில் திருகியிருக்கிறார்கள், உள்ளே மரை முழுவதும் போய்விட்டது. மரை அளக்கும் தகடு சின்னதாகக் கிடைக்கும். வேறு எதை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அதையும், மில்லிமீட்டரைவிட நுணுக்கமாக அளக்கும் ஒரு வெர்னியரையும் வாங்கிவிடுங்கள்.

கிட்டாருக்கு ஏற்ப பாகத்தைத்தான் மாற்ற வேண்டும், பாகத்துக்காகக் கிட்டாரை வெட்டக் கூடாது. இதை எழுதினால் உடனே சிலர் வந்து, "புதுப் பாகம் போட்டாலே மதிப்பு போச்சே, பிறகென்ன?" என்பார்கள். விற்பதற்கு வைத்திருப்பவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். நான் வாசிக்க வைத்திருக்கிறேன். பழைய துளையிலேயே உட்காரும் புதுப் பாகத்தை நாளைக்கே கழற்றிவிடலாம், மரத்தில் போட்ட துளையை யாரால் கழற்ற முடியும்?

சரி, தேடுவதைப் பற்றி. கிட்டாரின் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள், பாகத்தைச் செய்தது யார் என்று பாருங்கள். சூப்ரோ, நேஷனல் என்று கிட்டாரின் தலைப்பகுதியில் பெயர் வேறாக இருந்தாலும் இரண்டையும் செய்தது வால்கோ என்ற ஒரே கம்பெனிதான். கிப்சனிலும் ஃபெண்டரிலும் க்ளூசன் கம்பெனியின் ஒரே ட்யூனிங் கீ (கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் சாவி) வந்திருக்கிறது. ரெசனேட்டர் வகை (உள்ளே உலோகக் கூம்பு வைத்துச் சத்தத்தைக் கூட்டுவது) என்றால் அந்த அலுமினியக் கூம்பு இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். நேஷனல் ஒற்றைக் கூம்பு 9.5 அங்குலம், டோப்ரோ 10.5. வால்யூம் கன்ட்ரோல், ஜாக், கெபாசிட்டர் எல்லாம் பொதுவான சாமான், அதற்குப் பதற வேண்டாம். ஆனால் பழைய வால்யூம் கன்ட்ரோலையும் எறியாதீர்கள். அதன் முதுகில் உள்ள எண் 137 என்று தொடங்கினால் அதைச் செய்த கம்பெனி சி.டி.எஸ்., 304 என்றால் ஸ்டாக்போல். அதற்குப் பின்னால் வருவது ஆண்டும் வாரமும். கிட்டாரின் வயதை ஏறக்குறைய அதுவே சொல்லிவிடும்.

ட்யூனிங் கீயின் குமிழ்கள் பழைய செல்லுலாய்டாக இருந்து பொடிப்பொடியாக உதிர்ந்தால், துகள்களை முழுவதும் துடைத்துவிடுங்கள். அது மக்கும்போது வரும் அமில ஆவி பக்கத்துப் பல்சக்கரத்தையே துருப்பிடிக்க வைக்கும். புதுக் குமிழ் ஏற்றத் தண்டைச் சூடாக்குவதுண்டு. பழைய செல்லுலாய்டு ஒட்டிக்கொண்டிருக்கும்போது மட்டும் சூடு காட்டாதீர்கள், சட்டென்று தீப்பற்றிக்கொள்ளும்.

பிக்அப்பில் சத்தமே வராவிட்டால் உடனே புதிதாகச் சுற்றக் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி. பெரும்பாலும் அறுந்திருப்பது சுருளின் தொடக்கத்திலோ முடிவிலோ பற்றவைத்த இடமாகத்தான் இருக்கும்.

என் பிரிட்ஜ் மட்டும் எங்குமே கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த அண்ணன் கிட்டாரை வாங்கி மடியில் வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது எவ்வளவு இழுக்கும்?" என்றுதான் முதலில் கேட்டார். கடையில் யாரும் கேட்காத கேள்வி. மிஞ்சியிருந்த ஒரு துண்டைக் கொடுத்தேன். "உடைஞ்ச பக்கத்தை அளக்காதீங்க. நல்லா இருக்கிற ஓரத்தை அளந்து மறுபக்கம் திருப்பிப் போடுங்க, மொத்த அகலத்துக்குப் பழைய துளை ரெண்டும் மரத்திலேயே இருக்கே" என்றார். அப்படியே காகிதத்தில் வரைந்தோம். பித்தளைப் பட்டையில் வெட்டி, அரம் போட்டு, மூன்றாம் நாள் கையில் கொடுத்தார். பழைய துளைகளில் அழுத்தாமலே உட்கார்ந்தது.

தப்பு நான் செய்தது. கம்பி உட்காரும் பள்ளங்களை வீட்டில் ஊசி அரத்தால் நானே போட்டேன், ஆறையும் ஒரே ஆழத்துக்கு. ஸ்டீல் கிட்டாரில் பார், அதாவது கையில் பிடித்துக் கம்பிகளின் மேல் நகர்த்தி வாசிக்கும் உலோகத் துண்டு, நேராக எல்லாக் கம்பிகளின் மேலும் படுக்கிறது. ஆகவே கம்பிகளின் மேல்பக்கம்தான் சமமாக இருக்க வேண்டும், அடிப்பக்கம் அல்ல. என் மெல்லிய கம்பி 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர். தடித்தது 0.036, அதாவது 0.91. அப்படியானால் தடித்த கம்பியின் பள்ளம் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுமேல் கூடுதல் ஆழம் போக வேண்டும். நான் அதை விட்டுவிட்டதால் நடுக்கம்பிகளில் பார் படியாமல் கரகரத்தது, அழுத்தினால் சுருதி ஏறியது. பிறகு இரும்பு ஸ்கேலைக் கம்பிகளின் மேல் குறுக்கே வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்து, எங்கே வெளிச்சம் கசிகிறது என்று பார்த்துப் பார்த்துத் தேய்த்தேன். மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் பள்ளம் போட்ட கட்டை, அதாவது நட்டுக்கும் இதே கணக்குதான். ஒரு மாலை முழுவதும் ஆனது. நான் கருவி செய்யும் தொழில்காரன் இல்லை, இதைவிட நல்ல வழி தெரிந்தவர்கள் தாராளமாகச் சொல்லலாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் போக மனமில்லை. கம்ப்யூட்டரில் வரைந்து பிளாஸ்டிக்கில் அச்செடுத்தவரைப் பொறியாளர் என்கிறோம். கையால் தொட்டே ஒரு நூலிழை வித்தியாசத்தைச் சொல்கிறவரை "லேத்துக்காரன்" என்று ஒருமையில் கூப்பிடுகிறோம். அந்த அண்ணன் பட்டறையை மூடிவிட்டார், பிள்ளைகள் யாரும் அந்த வேலைக்கு வரவில்லை. நாளைக்கு என் கிட்டாரில் இன்னொன்று உடைந்தால் யாரிடம் போவேன் என்று உண்மையிலேயே தெரியவில்லை.

இன்னொரு வருத்தமும் உண்டு. 1930-களின் தொடக்கத்தில் வந்த ரிக்கன்பேக்கரின் 'ஃப்ரையிங் பேன்', முழுக்க அலுமினியத்தில் வார்த்த லேப் ஸ்டீல். விற்பனையில் வென்ற முதல் மின்சார கிட்டாரே அதுதான். இன்று கடைக்குப் போய் ஸ்டீல் கிட்டார் பாகம் என்றால் ஸ்டீல் கம்பி எடுத்துக் காட்டுகிறார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பிரிட்ஜில் விரிசல் தெரிந்தால் இன்றே எல்லாக் கம்பிகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திவிடுங்கள். அப்புறம் உடைந்த பாகத்தைப் படமெடுத்துப் போடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, மேலிருந்து ஒன்று, ஓரத்திலிருந்து ஒன்று. துளைக்குத் துளை இடைவெளியையும் எழுதுங்கள். பித்தளை போதுமா, இரும்பு வேண்டுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.